உறையிலுள்ள அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்

1980களின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கின் ஸ்லைம் போன்ற குழுக்கள் ஜெர்மன் மொழியில் பாடி வெளியிட்ட பங்க் ராக், அதன் வேகமான வடிவமான ஹார்ட்கோர் இசைத்தட்டுகளை முதற்பதிப்பு என்று நம்பி வாங்குவதற்கு முன், உறையில் அச்சாகியுள்ள முகவரியை முதலில் படியுங்கள். மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் குறியீடு நான்கு இலக்கங்கள் கொண்டது. 1993 ஜூலை 1 அன்றுதான் ஐந்து இலக்க முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே, மேற்கு பெர்லினுக்கு 1000, ஹாம்பர்க்குக்கு 2000 என்றிருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இலக்க எண் இருந்தால், விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்த உறை பிற்காலத்தில் அச்சானதே. பழைய உறையை அப்படியே நகலெடுத்த மறுபதிப்புகளில் இந்தச் சோதனை பலிக்காது என்பதால், தட்டின் நடுவிலுள்ள லேபிளைச் சுற்றி, பாடல் பதியாத வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து, முதற்பதிப்பின் எண்ணுடன் ஒப்பிடுங்கள். நான் பெரிதும் நம்புவது இதைத்தான். அந்த வளையத்தின் படத்தை அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.