இருட்டினால் அணையும் கேமரா

கடையின் பின்வாசலில் மாட்டிய ஐபி கேமரா பகலில் நன்றாக ஓடும். இருட்டியதும் படம் போகும், வரும், மறுபடி போகும். ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பித்தேன், படத்தைப் பதிவு செய்யும் என்விஆரில் போர்ட் மாற்றினேன், வேறு கேமராவும் மாட்டிப் பார்த்தேன். நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறி, கேமராவின் ஒளி சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடினேன். உள்ளே 'டிக்' என்று ஃபில்டர் நகர்ந்தது, அகச்சிவப்பு விளக்குகள் எரிந்தன, உடனே ரீஸ்டார்ட்! அந்த விளக்குகள் கூடுதலாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் விழுகிறது. பிஓஇ என்பதால் மின்சாரமும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் போகிறது. கம்பியை பிளேடால் சுரண்டினால், செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். 80 மீட்டருக்கு அது தாங்கவில்லை. (கேபிள் வந்த பெட்டியில் சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியம், என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.) முழுச் செம்பில் செய்த கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்தபின் விடிய விடிய படம் அறுபடவில்லை.