நல்லூர்க் கொடிக்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்தல்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும். அன்றிலிருந்து 25 நாட்கள் திருவிழா; 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை கிடைக்கும் காலமும் ஏறக்குறைய இதுவே என்பதால், யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு விருந்தினர் வரும் பருவம் இதுதான். அவர்கள் ஒருவர் இருவராக வருவதில்லை. லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது என்று தெரிந்ததும் ரொறன்ரோவில் இருக்கும் மாமி குடும்பமும் அதே கிழமைக்குச் சீட்டு எடுத்துவிடும். நாலு பேர் புழங்கிய வீட்டில் பதினான்கு பேர் மூன்று கிழமைக்குக் குளித்து, துவைத்து, சமைத்து, உறங்கப்போகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆயத்தம் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் முன்மண்டபத்துக்குப் பெயின்ற் அடிப்பார்கள், திரைச்சீலை மாற்றுவார்கள், கதிரைகளுக்கு உறை தைப்பார்கள். கையிலிருக்கும் பணமும் ஆட்களின் தெம்பும் அதிலேயே கரைந்துவிடும். நான் கிணற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். சுவரில் இருக்கும் கறையை வருபவர்கள் இரண்டாம் நாளே மறந்துவிடுவார்கள். தண்ணீரில் வரும் குறை அவர்கள் திரும்பிப் போகும்வரை வீட்டையே படுத்திவிடும்.

கிணறு இறைக்கும் வேலையை மூன்று கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு வருடம் நாங்கள் அதை விருந்தினர் வருவதற்கு முந்தின நாள் வரை தள்ளிவைத்தோம். அடிச்சேற்றை அள்ளி முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. மறுநாள் காலையில் ஊறியிருந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெளுத்துக் கிடந்தது. தெளிய இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு பேர் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் துவாயும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

இறைப்பதற்கு முன் உங்கள் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். ஆடி, ஆவணி மாதங்களில் அது மெலிந்திருக்கும். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் பெரிய பம்பி வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். பிறகு மாரி வரும்வரை அந்தக் கிணறு குடிக்க உதவாமலும் போகலாம். அப்படியான இடங்களில் கிணற்றை வற்றவிடாமல், சுவரிலுள்ள பாசியைத் தேய்த்து, மிதக்கும் சருகுகளை அள்ளிவிட்டால் போதும்.

கிணற்றுக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இருக்க வேண்டும். எண்ணெயில் ஓடும் பம்பியை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் காபன்மொனொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. உள்ளே நிற்பவர் மயங்கி விழும்வரை மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

தண்ணீர் தெளிந்த பிறகு குளோரின் இட வேண்டும். அளவைக் கண்மதிப்பில் போடாமல் கணக்கிட்டுப் போடுவது கடினமல்ல. கிணற்றின் விட்டம் 3 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் என்றால் உள்ளே ஏறக்குறைய 14,000 லீற்றர் இருக்கும். நல்ல நிலையிலுள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 35 கிராம் போதும். தூளை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைத்தால் மருந்து எங்கும் பரவும். ஒரு மணி நேரமாவது கழித்தே தண்ணீர் அள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்; பெரும் வெள்ளத்துக்குப் பின்னோ கிணற்றில் ஏதும் செத்து விழுந்த பின்னோ இடவேண்டிய அளவு வேறு, இதைவிட மிக அதிகம்.

விருந்தினரில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டச் செய்கை நடக்கும் ஊர்களில் கிணற்று நீரில் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிய வந்தது. குளோரின் அதை நீக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரை வாங்கி வைத்துவிடுங்கள். பெரியவர்கள் குடிப்பதற்கும் முதல் சில நாட்களுக்கு அதுவே நல்லது. வயிறு பழகாத பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டம் பாதித் திருவிழாவைத் தின்றுவிடும்.

அடுத்தது மேல்தாங்கி. ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத தாங்கியின் அடியில் நாலு விரற்கடைக்குச் சேறு இருக்கும். ஆட்கள் கூடித் தண்ணீர் ஓட்டம் அதிகரிக்கும்போது அது கலங்கிக் குழாய் வழியே வரும். தாங்கியை வடித்து, தும்புத்தடியால் தேய்த்து, இரண்டு தரம் அலசி விடுங்கள். ஒருவருக்கு நாளுக்கு 100 லீற்றர் என்று வைத்தாலும் பதினான்கு பேருக்கு 1,400 லீற்றர் வேண்டும். 1,000 லீற்றர் தாங்கி இருக்கும் வீட்டில் விடியற்காலையும் பின்னேரமும் இரண்டு தடவை மோட்டர் போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

நமது தண்ணீரின் சுண்ணாம்பு குளியலறையில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். பூக்குழாயின் துளைகள் அடைபட்டு, தண்ணீர் நாலு பக்கமும் கோணலாகப் பீச்சும். அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பொலித்தீன் பைக்குள் வினாகிரி விட்டு, பூக்குழாய் அதற்குள் மூழ்கும்படி ஏற்றி, கழுத்தில் இறப்பர் வளையம் போட்டு இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பையை எடுத்ததும் பழைய பல்துலக்கியால் நாலு தேய், ஒரு ஊசியால் துளைக்கு ஒரு குத்து, அவ்வளவுதான். கேத்தலுக்குள் படிந்திருக்கும் வெள்ளைக்குத் தேசிக்காய்ப் புளி போதும். ஆனால் பழைய வீடுகளின் பளபளப்பான சிவப்புச் சீமெந்துத் தரையிலும் கல்துகள் பதித்த சிப்ஸ் தரையிலும் புளியோ அமிலமோ படக் கூடாது. பட்ட இடம் மங்கிப்போய்விடும், பிறகு எந்தப் பொலிஷும் அதை மறைக்காது. மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் கலவையையும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; கதவைச் சாத்திக்கொண்டு கழுவுபவரின் மூச்சு முட்டிவிடும்.

மலக்குழி நிரம்பும் நிலையில் இருந்தால் அதை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டிக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். திருவிழா நெருங்கினால் ஊர் முழுவதும் அதைத்தான் தேடும். முழங்கால் வருத்தம் உள்ள பெரியவர்களுக்குக் கொமட் உள்ள அறையை ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் கடதாசி பாவிப்பார்கள். மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்றை வைத்து, கடதாசியை அதில் போடும்படி முதல் நாளே கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது.

இனித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். இங்கே நமக்கு எதிரி சோளகம். தெற்கும் மேற்குமாக வீசும் அந்தக் காற்று தோட்டத்துச் செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து யன்னல் கம்பியிலும் புத்தக அலுமாரியிலும் பூசிவிடும். ஒரு மாதத்துக்கு முன் துடைத்த அறை துடைக்காத அறைக்குச் சமன். ஆகவே பெரிய வேலைகளை முன்பே முடித்து, துடைக்கும் வேலையைக் கடைசி மூன்று நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடானால் ஓட்டிலிருந்து தொடங்கி, வளை, சுவர், மின்விசிறி, அலுமாரி என்று இறங்கித் தரையில் முடிக்க வேண்டும். மின்விசிறித் தகட்டைத் துடைக்கப் பழைய தலையணை உறையைத் தகட்டின் மேல் மாட்டி, இரு கையாலும் அழுத்தி இழுத்தால் தூசு உறைக்குள்ளேயே தங்கிவிடும்; கீழே விரித்த படுக்கையில் கொட்டாது.

பூட்டிக் கிடந்த அறைகளை ஒரு கிழமைக்கு முன்பே திறந்துவிடுங்கள். அலுமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் பார்த்தால், முதுகுப் பலகையில் கறையான் மண்கோடு போட்டிருக்கிறதா என்பது தெரியும். பஞ்சு மெத்தைகளை முற்றத்தில் இரண்டு நாள் வெயிலில் போட்டு, நடுவில் ஒரு தரம் புரட்டி, தடியால் அடித்து எடுக்க வேண்டும். மெத்தைத் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று விரலால் விரித்துப் பாருங்கள். பெட்டிக்குள் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த விரிப்புகளைத் துவைத்துக் காயவிடாமல் கொடுத்தால், அந்த மணத்தில் உறங்கியவர்கள் காலையில் தலையிடி என்று எழும்புவார்கள்.

நல்லூர்க் காலத்து விருந்துக்குக் குசினி தனி வேலை. கொடியேறினால் பல வீடுகளில் தீர்த்தம் வரை மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. மச்சச் சட்டிகளையும் அகப்பைகளையும் கழுவிக் கட்டி மேலே ஏற்றிவிட்டு, மரக்கறிக்கான பாத்திரங்களை இறக்க வேண்டும். மண்சட்டி மீன்மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது; விரதச் சமையலுக்குப் புதுச்சட்டி வாங்குவதே சரி. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி, ஐஸ் உருகியபின் அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடையுங்கள். கதவு ஓரத்து இறப்பர் மடிப்புக்குள்தான் பழைய மீன்மணம் குடியிருக்கும். துணியை விரலில் சுற்றி அந்த மடிப்பு முழுவதும் ஓட்டி எடுக்க வேண்டும்.

குத்துவிளக்கையும் செம்புகளையும் பழப்புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தேய்த்த கையோடு நிறையத் தண்ணீரில் அலசி, அப்போதே துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாகக் காயவிட்டால் நமது தண்ணீரின் சுண்ணாம்பு புள்ளி புள்ளியாகப் பித்தளையில் நின்றுவிடும்.

நுளம்பு விடயத்தில் மாரியைப் போல இப்போது பயமில்லை என்றாலும், டெங்கு நுளம்புக்குச் சிரட்டை அளவு தண்ணீர் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள்தான் ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்ளே தேய்க்கவும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் சாமியறைப் பூச்சாடியையும் மறந்துவிடாதீர்கள். நுளம்பு வலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கிழிசல் பார்த்துத் தைத்து வையுங்கள்.

கனடாவிலிருந்து வருபவர்களுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. கைத்தொலைபேசி மின்னேற்றிகள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். அங்கிருந்து கொண்டுவரும் தலைமுடி உலர்த்தி பெரும்பாலும் தாங்காது. சொருகியதும் புகைந்துவிடும்.

பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கிணற்றடியை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நமது பிள்ளைகள் கிணற்றோடு வளர்ந்தவர்கள். தொடர்மாடியில் வளர்ந்த பிள்ளைக்குக் கிணறு ஒரு வேடிக்கை. எட்டிப் பார்க்கக் கிணற்றுக் கட்டின் மேல் ஏறிவிடும். கட்டு தாழ்வாக இருந்தால் மேலே இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள். கிணற்றடிப் பாசியையும் சுரண்டிவிட வேண்டும். வழுக்கி விழுந்து கை முறிப்பவர்கள் அநேகமாகப் பெரியவர்கள்.

முற்றம் கூட்டுவதும் படலைக் கீலுக்கு எண்ணெய் விடுவதும் வருகிற அன்று காலையில் செய்தால் போதும். விறாந்தைப் படிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் வைத்து, படியில் ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். நாளாந்தம் இரண்டு நேரமும் கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருபவர்கள் அங்கேயே கால் கழுவி ஏறினால், உள்ளே தரை கூட்டும் வேலை பாதியாகக் குறையும். சாக்கு இரண்டாக இருக்கட்டும். ஒன்று படியில் நனைந்து கிடக்கையில் மற்றது கொடியில் காயட்டும்.