மேட்டுப்பாத்தி: கட்டும்போதும் நிரப்பும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி இடம் இருந்தால் இரண்டு மேட்டுப்பாத்தி தாராளமாகப் போடலாம். வெண்டை, கத்தரி, மிளகாய், மூன்று நான்கு வகைக் கீரை என்று வாரத்தில் பல நாள் சமையலுக்கு அதிலிருந்தே பறிக்க முடியும். ஆனால் ஆசையாகக் கட்டிய பாத்திகள் பலவும் ஒன்றிரண்டு வருடத்திலேயே வெறும் செங்கல் பெட்டிகளாகிவிடுகின்றன. செலவிலோ உழைப்பிலோ குறை வைத்திருக்க மாட்டார்கள். மாடித் தோட்டம் போட்ட பழக்கத்தில், தரையில் கட்டும் பாத்தியையும் பெரியதொரு தொட்டியாக நினைத்துவிடுகிறார்கள். முக்கால்வாசித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

தொட்டிக்கு அடி உண்டு, பாத்திக்குக் கிடையாது. சுற்றிலும் ஓர் அடி உயரத்துக்குக் கரை கட்டி, இருக்கிற நிலத்தின் மேலேயே நல்ல மண்ணைச் சேர்க்கிறோம். அவ்வளவுதான் மேட்டுப்பாத்தி. கத்தரியும் தக்காளியும் அந்த ஓர் அடியைத் தாண்டிக் கீழே வேர் இறக்கும். மண்புழு கீழிருந்து மேலே வரும். மிஞ்சிய மழைநீர் கீழே வடியும். இந்தப் போக்குவரத்தைத் தடுக்கும் எந்த வேலையும் பாத்தியைக் கெடுக்கும்.

கட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் மண்ணுக்கு மேட்டுப்பாத்தி தேவையா? சென்னையைச் சுற்றி ஏரிக்கரையிலும் பழைய வயல்களிலும் போடப்பட்ட மனைகளில் களிமண்தான் அதிகம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அங்கே சமதரையில் நட்ட மிளகாயும் தக்காளியும் வேர் அழுகிச் சாகும், மேட்டுப்பாத்தி காப்பாற்றும். காவிரிப் படுகையிலும் இதே கதைதான். ஆனால் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் தேங்குவது பிரச்சினையே அல்ல, தங்காததுதான் பிரச்சினை. அங்கே மேடு கட்டினால் இருக்கிற ஈரமும் வெயிலில் பறந்துவிடும். தரைமட்டத்தைவிட நான்கு அங்குலம் தாழ்ந்த பள்ளப்பாத்தியே அந்த மண்ணுக்கு ஏற்றது. அழகாக இருக்கிறது என்பதற்காக மேடு கட்ட வேண்டாம்.

இடம் தேர்வில் நடக்கும் தவறு நுட்பமானது. கோடை விடுமுறையில் தோட்ட ஆசை வருகிறது; மே மாதத்தில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துப் பாத்தி கட்டுகிறார்கள். மழைக்காலம் முடிந்து செடி தழைக்க வேண்டிய மார்கழியில் அதே இடத்தில் நிழல் படுத்துக் கிடக்கிறது. காரணம் சூரியனின் நகர்வு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கில் இருக்கும். அப்போது 6 அடிக் காம்பவுண்டுச் சுவரின் நண்பகல் நிழல் ஓர் அடியைப் பெரிதாகத் தாண்டாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குப் பக்கச் சுவர் அதே 6 அடி உயரம்தான், ஆனால் நண்பகலிலேயே அதன் நிழல் ஏறக்குறைய நாலரை அடி நீளும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீண்டு கிடக்கும். எனவே தெற்குச் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள். புடலை, பாகல், பீர்க்கன் பந்தலைப் பாத்தியின் வடக்கு ஓரத்தில் நிறுத்துங்கள். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அவ்வளவு கிடைக்காத இடத்தைக் கீரைக்கும் புதினாவுக்கும் விட்டுவிடலாம்.

மரத்தடியும் வேண்டாம். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருக்கும். வேம்பின் வேர் அதைத் தாண்டியும் தேடி வரும். நாம் எருவும் தண்ணீரும் கொட்டி வளர்க்கும் பாத்திக்குள் அடியிலிருந்து சல்லி வேர்கள் ஏறிவந்து பின்னிக்கொள்ளும். கத்தரிக்குப் போட்டது வேம்புக்குப் போகும்.

அகலத்தில் பேராசை கூடாது

இரண்டு பக்கமும் நடந்து போக வழி இருந்தால் 4 அடி அகலம். ஒரு பக்கம் சுவர் என்றால் 2 அடி. கை எட்டும் தூரம்தான் கணக்கு. ஆறடி அகலத்தில் கட்டிய பாத்தியைப் போய்ப் பாருங்கள். நடுவில் நிற்கும் கத்தரிச் செடியில் காய் முற்றி மஞ்சளாகித் தொங்கும். அதைச் சுற்றிக் களை மண்டியிருக்கும். அதைப் பறிக்க யாரோ உள்ளே கால் வைத்த தடம் இரண்டு இறுகிப் பளபளவென்று தெரியும். தடம் பட்ட இடத்தில் பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கத்தான் மேடு கட்டினோம். அதில் ஏறி மிதிப்பது கட்டிய வேலையைக் கலைப்பதற்குச் சமம். பெரியவர்கள் எட்டிப் பறித்துவிடுவார்கள் என்று அகலம் வைக்காதீர்கள், வீட்டில் உள்ள பிள்ளையும் பாட்டியும் எட்டிப் பறிக்கும்படி வையுங்கள்.

பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி வழியாவது விட வேண்டும். எருக்கூடையோடு உட்கார்ந்து எழ அவ்வளவு இடம் தேவைப்படும். ஐப்பசி மழையில் அந்த வழிதான் வாய்க்கால். வாட்டம் தெருப்பக்கமோ கிணற்றுப் பக்கமோ இருக்கட்டும், வீட்டுச் சுவரை நோக்கி இருக்கக்கூடாது.

கரைக்குக் கண்டதையும் வைத்துவிடக் கூடாது

செங்கல், ஹாலோ பிளாக், கடப்பா கல் மூன்றுமே நல்லவை. சிமெண்டுப் பூச்சு அவசியமில்லை. கற்களை அடுக்கி, கீழ் வரிசையை மண்ணில் நான்கு அங்குலம் புதைத்தாலே நிற்கும். இடுக்கு வழியாக நீரும் கசியும். பூசித்தான் தீர வேண்டும் என்றால் தரை மட்டத்தில் மூன்றடிக்கு ஒரு துளை விடச் சொல்லுங்கள். கொத்தனார் பழக்கத்தில் அடியிலும் ஒரு காங்கிரீட் தளம் போட்டுவிடுவார், அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

மரப்பலகை நம் ஊரில் கரையானுக்குத் தீனி. தென்னந்துண்டு மலிவாகக் கிடைத்தாலும் ஈர மண்ணில் சீக்கிரம் உளுத்துப்போகும். இவை பணத்துக்குத்தான் கேடு. உடம்புக்குக் கேடானவை வேறு. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் உளுக்காமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றப்பட்டவை. சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. சரக்குப் பெட்டிகளின் பாலட் பலகைகளில் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு பாய்ச்சியது, அதைத் தொடாதீர்கள். கூரையிலிருந்து இறக்கிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டி நிறுத்தும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பும். குழந்தைகள் மண்ணளையும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

நிரப்புவதற்கு முன் கீழே பாருங்கள்

வீடு கட்டிய மனையில் மேல்மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் செங்கல் துண்டு, சுண்ணாம்பு, காய்ந்த சிமெண்டுக் கட்டி. அதன் மேலேயே நிரப்பினால் மண்ணில் காரத்தன்மை ஏறும். செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றது வெளிறியும் நிற்கும். எவ்வளவு எரு போட்டாலும் இது சுலபத்தில் தீராது. ஒரு முழ ஆழத்துக்காவது இடிபாட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்வெட்டியால் ஒரு சாண் கொத்திவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பினால் களை வராது என்கிறார்கள். சாதாரணப் புல்லுக்கு அது சரி. கோரைக்கும் அறுகுக்கும் செல்லாது. கோரைக்கிழங்கு அட்டையைக் குத்திக்கொண்டு வரும். அதைக் கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை. அதற்காகப் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது இன்னும் பெரிய தவறு, பாத்தி அன்றைக்கே தொட்டியாகிவிடும். தண்ணீர் வடிய அடியில் ஜல்லி கொட்டுவதும் பயன் தராது. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் சட்டென்று ஜல்லிக்குள் இறங்காது. மேல் அடுக்கு முழுக்கச் சொதசொதத்த பிறகுதான் இறங்கும். ஜல்லிக்குச் செலவிடும் பணத்தை எருவுக்குச் செலவிடலாம்.

மண் எது, எரு எது

எட்டுக்கு நான்கு அடிப் பாத்தியை ஓர் அடி உயரம் நிரப்ப 32 கன அடி வேண்டும். மண் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அப்படி மூன்று பாத்திக்கு ஒரு யூனிட் கணக்கு. இந்தக் கணக்கைப் போடாமல் மூட்டை மூட்டையாகத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. மாடியில் பாரம் குறைய வேண்டும், அதனால் நார்க்கழிவு. தரைக்குப் பாரம் ஒரு பொருட்டே அல்ல. நார்க்கழிவு மிகுந்த கலவை முதல் மாதம் அருமையாக இருக்கும். அடுத்த கோடைக்குள் மட்கிச் சுருங்கிப் பாதிப் பாத்தி காலியாகத் தெரியும். சரியாக அலசாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். பாத்திக்கு முதுகெலும்பு மண்தான்: இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்கு மட்கிய எரு.

அந்த மண்ணை வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். செம்மண் என்று சொல்லி இறக்குவது பல நேரம் மனை மேடாக்கத் தோண்டிய அடிமண். நிறம் சிவப்பாக இருக்கும், உயிர் இருக்காது. லாரி திரும்பிப் போவதற்கு முன் ஒரு பிடி அள்ளி நனைத்துப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் நல்லது. பளபளவென்று ஒட்டிக்கொண்டு முறுக்குப் போல் திரிக்க வந்தால் களி அதிகம். உருண்டையே ஆகவில்லை என்றால் வெறும் கிராவல். இன்னும் தெளிவு வேண்டுமானால் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கியே இருக்கும்.

களிமண்தான் கிடைக்கிறது என்றால் மணல் கொட்டி அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்தால் செங்கல் போல் இறுகும். கிரஷர் தூள் அதைவிட மோசம். களியைத் திருத்துவது மட்கிய எருவும் இலைமட்கும்தான். அலுக்காமல் ஒவ்வொரு பட்டத்துக்கும் சேர்த்து வந்தால் இரண்டு வருடத்தில் வித்தியாசம் கையில் தெரியும்.

எருவில் ஒரே கேள்வி: மட்கிவிட்டதா? குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். சூடு இருந்தால் இன்னும் வேகிறது என்று பொருள். சாண வாடை போய் மண்வாசனை வந்திருக்க வேண்டும், வைக்கோல் துணுக்கு அடையாளம் தெரியக்கூடாது. பச்சைச் சாணத்தைக் கொட்டினால் நாற்றின் வேர் கருகும், களை விதைகள் முளைக்கும். விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் அவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். எருக்குழியில்தான் அது முட்டையிடும், வளர்ந்து தென்னையைக் குடையும். பொறுக்கி அழித்துவிட்டுத்தான் எருவைப் பயன்படுத்த வேண்டும். கோழி எருவுக்கு இரட்டிப்புப் பொறுமை தேவை.

செலவைக் குறைக்க அடியில் தேங்காய் மட்டையும் மரக்கிளையும் போடும் முறை இப்போது பரவுகிறது. இரண்டடி உயரப் பாத்தியில் கீழ்ப்பாதிக்குப் போடலாம். ஓரடிப் பாத்தியில் வேர் ஓடும் இடத்திலேயே அவை கிடக்கும்; மட்குவதற்காக நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மரத்தூளும் அப்படியே. அதோடு கரையானும் வந்து குடியேறும்.

நிரப்பியவுடன் விதைக்கக் கூடாது

மூன்று மழை பெய்தால் புது மண் இரண்டு மூன்று அங்குலம் இறங்கிவிடும். அன்றே நட்ட நாற்றின் வேர் வெளியே தெரியும். விளிம்பு வரை நிரப்பினாலும் பிரச்சினைதான்: தண்ணீர் ஊற்றியதும் மண்ணோடு வழிந்துவிடும், மண் இறங்கிய பிறகும் மேலே இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். மேட்டில் ஈரம் சீக்கிரம் காயும் என்பதால் சருகோ வைக்கோலோ கரும்புச் சோகையோ மூடாக்காகப் போடாமல் ஒரு நாளும் விடாதீர்கள். வெறும் மண் சித்திரை வெயிலைப் பார்க்கக் கூடாது.

ஆடிப்பட்டத்துக்குச் செடி வைக்க வேண்டுமானால் சித்திரையிலேயே நிரப்புங்கள். வைகாசி முதல் வாரத்தில், பசுந்தாள் உரமாக மண்ணில் மட்கவிடும் தக்கைப்பூண்டையோ சணப்பையையோ நெருக்கமாக விதைத்துத் தண்ணீர் காட்டுங்கள். 45 நாள் வாக்கில், பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, களைக்கொட்டால் மேல்மண்ணில் கலந்துவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது நாளில் அது மட்கியதும் கத்தரி, மிளகாய் நாற்றை நடலாம்.