காவடி எடுக்கும் முன் கால் நரம்பைச் சோதிப்பது எப்படி?

மொரீஷியஸில் தைப்பூசம் நல்ல கோடையில் வருகிறது. காத்ர் போர்ன் மலை முருகன் கோவில் படிகளில் வெயில் ஏறிய பிறகு வெறுங்காலை வைத்தால் சுரீர் என்று சுடும். போன வருடம் என் அப்பாவுக்குச் சுடவில்லை. காவடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மாதான் பார்த்தார், இடது பாதத்தில் பெரிய கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. "வலிக்கவே இல்லையே, முருகன் அருள்" என்றார் அப்பா. அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாளும் வலிக்கவில்லை, அதற்கு மறுநாளும் வலிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது, அதனால் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கால் ஏன் மரத்துப்போகிறது என்று பார்ப்போம். தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ. நீளம்தான், இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் உடம்புக்குப் பிரிகின்றன. கால் விரல் நுனியின் உணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல் கீழ்முதுகில் இருக்கிறது, அதன் இழை மட்டும் ஒரு மீட்டர் அளவுக்கு ஓடி விரலைத் தொடுகிறது. அந்த இழை உயிரோடிருக்கத் தேவையான புரதமெல்லாம் மேலே தயாராகி அவ்வளவு தூரமும் இறங்கிப் போக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் இழையும் கெடும், அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடும், மிக நீளமான இழைதான் முதலில் அடிபடும். இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல் மரப்பு மேலே ஏறுவது இதனால்தான்.

சூட்டை மிதித்தால் கால் தானாக இழுத்துக்கொள்கிறதே, அது மூளை சொல்லி நடப்பதில்லை. செய்தி தண்டுவடத்துக்கு வந்ததுமே அங்கிருந்து தசைக்கு உத்தரவு போய்விடும், வலி மனதில் தெரிவது அதற்குப் பிறகுதான். பாதத்திலிருந்து செய்தி கிளம்பவே இல்லை என்றால் கால் அங்கேயே நிற்கும், தோல் வெந்துகொண்டிருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியது, கருவி எதுவும் வேண்டாம். சர்க்கரை உள்ளவரைக் கால் நீட்டி உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியை மெல்ல வைத்து ஒன்றிரண்டு விநாடியில் எடுத்துவிடுங்கள்: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், அப்புறம் வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஏனென்றால் அழுத்தினால் வேறு நரம்புகளும் விழித்துக்கொள்ளும். ஒரு விரலுக்கு ஒரே ஒரு முறைதான், பாசத்தில் இரண்டாவது தடவை தொட்டுவிடாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு நான்கு தெரியவில்லை.

ஆறும் தெரிந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். இந்தத் தொடுதலைக் கொண்டுபோவது தடித்த இழைகள், சூட்டையும் வலியையும் கொண்டுபோவது மெல்லிய இழைகள், அவை முன்னாலேயே கெட்டிருக்கலாம். இரவில் பாதம் எரிகிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். குதிகால் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் கவனியுங்கள், வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்புகள் கெட்டாலும் அப்படி ஆகும். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடினால், கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி சரியாகப் போகாமல் இருக்கலாம், அதுவரை கண்தான் சமாளித்துக்கொண்டிருந்திருக்கும்.

இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கலாம், சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் குறைவாலும் நரம்பு கெடும், ஆனால் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி இருக்கிறது.

உணர்வு குறைந்த காலோடு தீமிதி வேண்டவே வேண்டாம், வெயிலில் வெறுங்காலோடு மலையும் ஏற வேண்டாம். நேர்த்திக்கடன் என்றால் வீட்டில் இன்னொருவர் எடுக்கலாம். இந்த வருடம் என் தம்பி எடுத்தான், அப்பா காரில் வந்து பாலைக் கொடுத்தார், முதலில் முகம் சுருங்கித்தான் இருந்தது. குளிக்கும் நீரின் சூட்டை இப்போது முழங்கையால்தான் பார்க்கிறார். தினமும் இரவில் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி வைத்துக் கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், இங்கே அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. அப்பாவின் புண் ஆற மூன்று மாதம் ஆனது.