‘யெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில் ‘யெட்’ என்னும் வினையடை, நடக்கும் என்று எதிர்பார்க்கப்படும் ஒரு செயல் பேசுகிற நேரம் வரை நடந்ததா இல்லையா என்பதைக் குறிக்கிறது. எதிர்பார்ப்புதான் இச்சொல்லின் உயிர். நடைமேடையில் காத்திருப்பவர் ‘தி ட்ரெயின் ஹேஸ் நாட் அரைவ்டு யெட்’ என்று சொன்னால், ரயில் வரவில்லை என்பதோடு, அது வந்துவிடும் என்ற எண்ணமும் சேர்ந்தே புலப்படுகிறது.

ஆகவே இது பெரும்பாலும் எதிர்மறை வாக்கியங்களிலும் வினாக்களிலும், வாக்கியத்தின் இறுதியில் வரும். முறைசார்ந்த எழுத்தில் ‘ஹேஸ் நாட் யெட் அரைவ்டு’ என்று ‘நாட்’டை அடுத்தும் வைக்கலாம். ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று கேட்டவருக்கு, சாப்பிட்டு முடித்தவர் ‘ஐ ஹேவ் ஈட்டன் யெட்’ என்று பதில் சொல்லக் கூடாது. ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பதே சரி. அமெரிக்கப் பேச்சில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பதும் இயல்பாக வழங்குகிறது என்றாலும், தேர்வு எழுதுவோர் ‘ஹேவ்’ சேர்ந்த வடிவத்தையே கைக்கொள்வது நல்லது.

நம்மவர்கள் பெரிதும் தடுமாறுவது ‘ஸ்டில்’ வரும் இடத்தில்தான். ‘இன்னும் தூங்குகிறான்’, ‘இன்னும் எழுந்திருக்கவில்லை’ என இரண்டுக்கும் தமிழில் ‘இன்னும்’ போதும். ஆங்கிலமோ, தொடர்கிற நிலைக்கு ‘ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்’ என்றும், நிகழாத செயலுக்கு ‘ஹி ஹேஸ் நாட் வோக்கன் அப் யெட்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. எதிர்மறையிலும் ‘ஸ்டில்’ வரும். ஆனால் அப்போது தொனி மாறிவிடும். ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு யுவர் ரிப்ளை யெட்’ என்பது பணிவான நினைவூட்டலாகவே நிற்க, ‘ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்டு யுவர் ரிப்ளை’ என்பதில் பொறுமையிழந்த குரல் கேட்கும். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ அனுப்பும் முதல் நினைவூட்டலில் முன்னதையே எழுதுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கலாம்.

செய்திகளில் அடிக்கடி வரும் ‘தி கமிட்டி ஹேஸ் யெட் டு டிசைட்’ என்ற தொடருக்கு, குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். எதிர்மறை அத்தொடருக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதில் ‘நாட்’ சேர்ப்பது பிழை. உடன்பாட்டு வாக்கியத்தில், ‘திஸ் இஸ் ஹெர் பெஸ்ட் நாவல் யெட்’ என்பதுபோல் உச்சநிலைச் சொல்லோடு சேர்ந்து வந்தால், அவர் இதுவரை எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்று கொள்ள வேண்டும். இனியும் அவர் எழுதக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அங்கும் இருக்கிறது.