பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் தொழில் பெயரைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் முன்னோரைத் தேடுபவர்கள் பெயரையும் வயதையும் எப்படியோ படித்துவிடுகிறார்கள். தொழில் கட்டத்தில்தான் திணறுகிறார்கள். பெயர் நமக்கு முன்பே தெரியும், தொழில் தெரியாது. போதாக்குறைக்கு, அந்தத் தொழிலே இன்று வழக்கொழிந்து போயிருக்கும். ஆனாலும் அந்த மனிதர் விடிந்தது முதல் இருட்டும்வரை என்ன செய்தார் என்று சொல்லும் ஒரே சொல் அது. அதைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

படி 1: மூலப் படத்தைத் திறங்கள்

இணையதளங்கள் தரும் தட்டச்சுப் பிரதி தேடுவதற்கு உதவும், முடிவு செய்வதற்கு உதவாது. ஏட்டின் படத்தையே பாருங்கள். 1841 ஏடுகள் பென்சிலில் எழுதப்பட்டு மங்கியவை. படத்தின் கருமையைக் கூட்டியோ நிறங்களைத் தலைகீழாக மாற்றியோ பார்த்தால் எழுத்து துலங்கும். தொழில் பெயரின் குறுக்கே தடித்த கோடுகள் ஓடினால் அவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள். தொழில்களை எண்ணிக் கணக்கிட்ட எழுத்தர்கள் பின்னர் போட்ட அடையாளங்கள் அவை.

இன்னொன்று: 1841 முதல் 1901 வரையிலான ஏடுகளில் இருப்பது உங்கள் முன்னோரின் கையெழுத்து அன்று. வீடுதோறும் நிரப்பிய படிவங்களைக் கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் நகலெடுத்தார். அந்தப் படிவங்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. இதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. பக்கம் முழுவதும் ஒரே கை எழுதியது.

படி 2: அதே கையிலிருந்து எழுத்து மாதிரி எடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். புரியாத சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை அங்கே பொருத்திவிடும். அதை விட்டுவிட்டு, ஐயமின்றிப் படிக்க முடிகிற சொற்களை அதே பக்கத்தில் தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 1851 ஏட்டில் ஒரு கிராமத்துக் குடும்பத் தலைவரின் தொழில் ‘லாயர்’, அதாவது வழக்கறிஞர், என்று தெரிவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் பணியாள் இல்லை, மகனோ பண்ணைக் கூலி. பொருந்தவில்லை அல்லவா? இப்போது உறவுமுறைக் கட்டத்துக்குப் போங்கள். மகன் என்பதற்கான ‘சன்’ ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். இந்தக் கணக்கெடுப்பாளரின் பெரிய ‘எஸ்’ அதிலேயே கிடைத்துவிடும். வாடகைக்குத் தங்கியவரைக் குறிக்கும் ‘லாட்ஜர்’, பெண்பெயரான ‘லூசி’ ஆகியவற்றில் பெரிய ‘எல்’ கிடைக்கும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலெழுத்து ‘எஸ்’ என்பது தெளிவாகலாம். அப்படியானால் அவர் ‘சாயர்’. குழியின் மேலே ஒருவரும் உள்ளே ஒருவருமாக நின்று, நீண்ட ரம்பத்தால் மரத்தைப் பலகையாக அறுத்தவர்களில் ஒருவர்.

1841 ஏட்டில் உறவுமுறைக் கட்டமே இல்லை. அங்கே ஆட்பெயர்களிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். ‘டெய்லரா (தையற்காரர்) செய்லரா (மாலுமி)’ என்ற குழப்பத்தை ‘தாமஸ்’ என்ற பெயரின் முதலெழுத்து தீர்த்துவைக்கும்.

சொல்லின் உள்ளே ஓரெழுத்து மாறினாலும் தொழில் மாறிவிடும். ‘ஃபேரியர்’ குதிரைக்கு லாடம் அடிப்பவர்; ‘ஃபரியர்’ மென்மயிர்த் தோல் வணிகர். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ‘ஏ’யும் ஒரு ‘யூ’வும்தான். ‘ஏ’ என்றால் தலைப்பகுதி மூடியிருக்கும், ‘யூ’ என்றால் திறந்திருக்கும். அவசரமாக எழுதியவர் ‘ஏ’யையும் திறந்தே விட்டிருப்பார் என்பதால், இதற்கும் மாதிரி பார்த்தாக வேண்டும்.

படி 3: அக்கால வழக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வரும்போது முதலாவதை நீட்டி ‘எஃப்’ போல எழுதும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. பெண்களுக்கு உடை தைப்பவரைக் குறிக்கும் ‘ட்ரெஸ்மேக்கர்’ என்ற சொல்லின் நடுவே ஓர் ‘எஃப்’ எட்டிப்பார்ப்பது இதனால்தான். ‘டி, ஓ’ என்று இரண்டெழுத்து மட்டும் இருந்தால், மேலே உள்ளதே இங்கும் என்று பொருள்.

1841இல் சுருக்கங்களைப் பயன்படுத்தும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தலே இருந்தது. ‘ஏஜி லேப்’ பண்ணைக் கூலி, ‘எம்.எஸ்.’ ஆண் பணியாள், ‘எஃப்.எஸ்.’ பெண் பணியாள், ‘இண்ட்’ சொந்த வருவாயில் வாழ்பவர். தொழிலை அடுத்துத் தனியே ‘ஜே’ இருந்தால் பயிற்சி முடித்துக் கூலிக்கு வேலை செய்பவர். ‘ஏபி’ என்றால் தொழில் பழகுநர். ‘எஃப்.டபிள்யூ.கே.’ என்பது சட்டகத் தறியில் காலுறை போன்றவற்றைப் பின்னியவரைக் குறிக்கும். நாட்டிங்ஹாம்ஷயர், லெஸ்டர்ஷயர் ஏடுகளில் அடிக்கடி கண்ணில் படும்.

படி 4: படித்த சொல்லுக்குப் பொருள் தேடுங்கள்

‘கார்ட்வெய்னர்’ தோல் காலணி செய்தவர். ‘ஆஸ்ட்லர்’ விடுதிக்கு வருவோரின் குதிரைகளைக் கவனித்தவர். ‘பீசர்’ நூற்பாலையில் அறுந்த இழைகளை ஒட்டியவர். இந்த வேலையில் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே இருந்தார்கள். ‘மன்த்லி நர்ஸ்’ என்பது மாதச் சம்பளச் செவிலியைக் குறிக்காது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் தாயையும் சேயையும் கவனித்துக்கொண்ட பெண்ணே அவர்.

மனைவியின் கட்டம் காலியாக இருந்தால் அவர் வேலையே செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். துணி வெளுத்தும் தைத்தும் வயலில் உழைத்தும் குடும்பத்தைத் தாங்கிய எத்தனையோ பெண்களின் உழைப்பு இந்த ஏடுகளில் ஏறவே இல்லை.

படி 5: வேறு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

முதலில் அதே நபரின் முந்தைய, பிந்தைய கணக்கெடுப்பு. அடுத்து, 1837 ஜூலையில் தொடங்கிய குடிமைப் பதிவின் திருமணச் சான்று. அதில் மணமக்களின் தந்தையர் தொழிலும் உண்டு. 1813 முதல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

1911 படிவம் வீட்டுக்காரரே எழுதியது. எனவே கையெழுத்து மாதிரிக்கு அந்த ஒரு தாள்தான். ஆனால் தொழிலை ஒட்டி எழுத்தர்கள் குறித்த எண்கள் இருக்கும். அவை தொழிலுக்கும் துறைக்குமான குறியீடுகள். அவற்றின் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. எழுத்து கைவிட்ட இடத்தில் எண் வழிகாட்டும்.

குறிப்பெடுக்கும்போது கண்ணால் கண்டதை ஒரு வரியிலும் நீங்கள் கொண்ட பொருளை அடுத்த வரியிலும் எழுதுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு, ஏட்டின் ஆண்டு, தொகுப்பு எண், பக்க எண் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் இன்னொரு ஆவணம் கிடைக்கும்போது, எந்த எழுத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குறிப்பே காட்டிவிடும்.