பழைய கேமுக்குப் புது கன்ட்ரோலர்: ப்ளூடூத் இருக்கிறது என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டுக்கு ஓணம் லீவில் போயிருந்தேன். அக்கா பையன் நிண்டெண்டோவின் குட்டி கேம் பெட்டியான என்.இ.எஸ். கிளாசிக்கை டிவியில் மாட்டிவிட்டு, தன் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை அரை மணி நேரமாக அமுக்கிக்கொண்டிருந்தான். "மாமா, இதுல ப்ளூடூத் இருக்கே, ஏன் சேர மாட்டேங்குது?" என்றான். கன்ட்ரோலரில் இருக்கிறது, பெட்டியில் இல்லையே! 2016-ல் வந்த அந்தப் பெட்டி, 2017-ன் எஸ்.என்.இ.எஸ். கிளாசிக், 2018-ன் பிளேஸ்டேஷன் கிளாசிக் மூன்றுமே வயர் கன்ட்ரோலரோடு வந்தவை, ப்ளூடூத் கன்ட்ரோலரில் ஆட, அதன் சிக்னலை வாங்கிப் பெட்டிக்குக் கொடுக்கும் ரிசீவர் ஒன்றைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். அதிலும் நிண்டெண்டோ இரண்டுக்கும் முன்பக்கப் போர்ட்டில் சொருகுவது, பிளேஸ்டேஷன் கிளாசிக்குக்கு யுஎஸ்பி. போர்ட்டைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால் காசு போச்சு.

இதைவிட மோசமானது 9 பின் விஷயம். கேசட் போட்டு ஆடிய பழைய டிவி கேம் நம் பக்கத்தில் பல வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. அதன் 9 பின் போர்ட், சேகா கம்பெனியின் பழைய கேம் பெட்டியான மெகா டிரைவின் போர்ட் மாதிரியே இருக்கும், ஆனால் பின் வரிசை வேறு. நுழைகிறதே என்று மெகா டிரைவ் ரிசீவரைச் சொருகாதீர்கள், கரண்ட் போகக்கூடாத பின்னில் போய் ரிசீவரோ பெட்டியோ கெட்டுவிடலாம்.

செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வாங்குகிறீர்களா? 2013-ல் வந்த முதல் மாடலில் ப்ளூடூத் கிடையாது. நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், முன்பக்கத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே இருக்கும் பளபளப்பான துண்டோடு சேர்ந்து தனியாகத் தெரிந்தால் இல்லை. கடையிலேயே பார்த்துவிடலாம்.

சரி, ரிசீவர் வந்தாச்சு. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ஷேர், பிஎஸ் பட்டன் இரண்டையும் சேர்த்து, விளக்கு படபடவென்று மின்னும் வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். வெறும் பிஎஸ் பட்டனை அமுக்கினால் அது பழைய ஜோடியையே தேடும். நடுவில் போனோடு ஜோடி சேர்த்திருந்தால் ரிசீவரோடு மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான்.

அப்புறம் பட்டன். என்.இ.எஸ்.ஸில் பி இடது, ஏ வலது. மரியோவில் கட்டைவிரல் நுனியால் பி-யைப் பிடித்தபடி ஓடி, அதே விரலின் கணுவைச் சாய்த்து ஏ-யை அமுக்கித் தாண்டுவோம், விரல் எழும்பவே எழும்பாது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ கீழே, பி வலது. எழுத்தை நம்பி ஆடினால் விரல் முறுக்கிக்கொள்ளும், பள்ளம் வந்த இடத்தில் ஓட்டமும் நின்றுபோகும். ரிசீவரில் பட்டன் மாற்றும் வசதி இருந்தால் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் ரிசீவரைத் தேர்ந்தெடுப்பேன்.

தாண்டுவது தாமதமாகத் தெரிந்தால் உடனே கன்ட்ரோலரைக் குறை சொல்லாமல், டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அக்கா வீட்டில் அதைப் போட்டதுமே பையன் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டான்.